வண்டலூர் ஹெரால்டா, இருங்காட்டுக்கோட்டை சான்ட்ரோவா?

இரண்டு கார்களுமே சென்னைப் புறநகரில் உருவானவை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961இல் வந்தது, ஹூண்டாய் சான்ட்ரோ 1998இல்.

எஞ்சின் அளவில் பெரிய வித்தியாசமில்லை: 948 சிசி, 999 சிசி. ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரை நம்பிய ஹெரால்டு சுமார் 35 குதிரைத்திறன்தான் தரும். பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள சான்ட்ரோ 55. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதே இது தெரிந்துவிடும். ஹெரால்டின் நான்கு கியரில் முதலாவதற்கு சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி நிற்கும் முன் போட்டால் கர்ரென்று பல்லைக் கடிக்கும்.

அப்புறம், ஒரு விஷயத்தில் கிழவிதான் ஜெயிக்கிறாள். ஹெரால்டு வட்டமடிக்க 25 அடி போதும். சான்ட்ரோவுக்கு ஏறக்குறைய 29. மயிலாப்பூர்ச் சந்துகளில் அந்த நான்கடி பெரிய சமாச்சாரம். ஹெரால்டின் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்தபடியே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றலாம். சான்ட்ரோவில் குனிந்து, கையை நுழைத்து, விரல் முட்டியைச் சிராய்த்துக்கொள்ள வேண்டும்.

பிரேக்? சான்ட்ரோவுக்கு முன்னால் டிஸ்க், நன்றாகப் பிடிக்கும். ஹெரால்டுக்கு நாலும் டிரம். ஆட்டோ குறுக்கே வரும் ஊரில் இதற்கு மேல் பேச்சில்லை. ஞாயிறு காலை ஈசிஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஹெரால்டு சரி. திங்கட்கிழமை ஆபீசுக்கு சான்ட்ரோ சாவிதான்.