.இன் பெயரும் ஷேர்டு ஹோஸ்டிங்கும்: ஒரு சிறு குழுவுக்கு இது ஏன் போதும்

எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு ஓர் இணையதளம் வைப்பது என்று முடிவானதும் பெயரும் (டொமைன்) தளத்தை வைக்கும் இடமும் (ஹோஸ்டிங்) பார்த்து வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூட்ட அறிவிப்புகள், உறுப்பினர்கள் எழுதும் நூல் அறிமுகங்கள், பழைய நிகழ்ச்சிப் படங்கள். தேவை இவ்வளவுதான். யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. வாங்கினால் .காம் தான் வாங்க வேண்டும் என்றார் ஒருவர். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங் பக்கமே போகாதே, தனி சர்வர் போல நாமே நடத்தும் விபிஎஸ் எடு என்றார் இன்னொருவர். இலவசமாகவே கிடைக்கும்போது எதற்குச் செலவு என்றும் கேட்டார்கள்.

கடைசியில் .இன் பெயர் ஒன்றும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கும் எடுத்தோம். விலை, வேகம் எல்லாம் பார்த்தோம், ஆனால் முடிவு செய்தது வேறு ஒரு கேள்வி. நான் ஊரில் இல்லாத ஒரு மாதத்தில் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இலவச வழியை முதலிலேயே தள்ளிவிட்டேன். ஜியோசிட்டிஸ் என்ற இலவச சேவையில் பக்கம் வைத்திருந்து, நகல் எடுக்காதவர்கள் 2009-இல் அது மூடப்பட்டபோது முகவரியோடு சேர்த்து எல்லாவற்றையும் இழந்தார்கள். .டிகே, .எம்எல் போன்ற பெயர்களைச் சும்மா கொடுத்துவந்த ஃப்ரீனோம் 2023-இல் புதுப் பதிவுகளை நிறுத்தியது. காசு கொடுக்காத பெயரில் நமக்கு உரிமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

அப்புறம் .காமா, .இன்னா? .காம் எல்லோருக்கும் பழகிய முகவரி. பெயரை மறந்தவர்கூட கடைசியில் .காம் என்று அடித்துப் பார்ப்பார். அதை வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்துகிறது, அதன் மொத்த விற்பனை விலை டாலரில். 2024 செப்டம்பரில் அது ஒரு வருடத்துக்கு 10.26 டாலராக உயர்ந்தது. பெயரை விற்கும் ரெஜிஸ்ட்ராரின் லாபமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் அதற்கு மேல். .இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. 2005-இல் விதிகளைத் தளர்த்திய பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆனது. நாங்கள் நினைத்த பெயர் .காமில் ஏற்கெனவே போயிருந்தது, .இன்னில் இருந்தது. சிறு குழுக்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

தமிழிலேயே முகவரி வைக்கலாம், .இந்தியா என்றே முடியும் பெயர்களும் உண்டு. எனக்கு அதில் ஆசை இருந்தது. ஆனால் அந்த முகவரியை வேறு இடத்தில் நகலெடுத்து ஒட்டும்போது சில சமயம் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாக மாறிவிடுகிறது. பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடமாட்டார். வேண்டுமானால் இரண்டாவது முகவரியாக வைத்துக்கொண்டு முதல் முகவரிக்குத் திருப்பிவிடலாம். ஆங்கில எழுத்தில் வைப்பவர்கள் ழ, ள, ற வரும் பெயர்களைத் தவிர்க்கப் பாருங்கள். தொலைபேசியில் சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் முதல் தடவையிலேயே சரியாக அடிக்கிறாரா என்று சோதித்துவிட்டு வாங்குவது உத்தமம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வாங்குவது பத்து நிமிட வேலை. அதை வருடா வருடம் புதுப்பிப்பதில்தான் குழுக்கள் கோட்டை விடுகின்றன. ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கை இந்தியாவில் பாதிதான் செல்லும். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு முன்கூட்டியே முறைப்படி ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பும் வர வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களின் கட்டணம் நம் கார்டில் நிராகரிக்கப்படும். அந்தத் தகவல் ஒரு மின்னஞ்சலாக வரும், யாரும் பார்க்காத பெட்டியில் கிடக்கும்.

.காம் பெயர் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போய்விடாது. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்துச் சில வாரம் அவகாசம் இருக்கும். அதையும் தாண்டினால் மீட்புக் காலம் 30 நாள், அதற்குத் தனியாக அபராதம் மாதிரி ஒரு பெரிய தொகை. பிறகு 5 நாளில் பெயர் பொதுவில் விழும். கொஞ்சம் பழகிய முகவரி என்றால் பிடிப்பதற்குக் காத்திருப்பவர்கள் உண்டு. நல்ல நூலக அமைப்பின் பழைய முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதனால்தான் ரூபாயில் பில் போட்டு, யுபிஐயில் பணம் வாங்கும் ரெஜிஸ்ட்ராரைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் பொருளாளருக்குக் கணினி அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் பில்லைப் பார்த்து யுபிஐயில் பணம் கட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்தால் மூன்று, ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். பத்து வருடம் வரை அனுமதி உண்டு.

பதிவில் கொடுக்கும் மின்னஞ்சலையும் கவனிக்க வேண்டும். தளத்தின் பெயரிலேயே உள்ள மின்னஞ்சலை அங்கே கொடுக்கவே கூடாது. பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து படுத்துவிடும், காலாவதி எச்சரிக்கையே வந்து சேராது. ஒருவரின் சொந்த மின்னஞ்சலும் வேண்டாம். குழுவுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கி, பாஸ்வேர்டை இரண்டு பேரிடம் வையுங்கள். .இன் பெயர்களில் நம் விவரத்தை மறைத்து வேறொருவர் பெயரைக் காட்டும் சேவைக்கு இடமில்லை என்பதாலும் வீட்டு முகவரிக்குப் பதில் அமைப்பின் முகவரியைக் கொடுப்பது நல்லது.

ஹோஸ்டிங் எடுத்தால் முதல் வருடம் டொமைன் இலவசம் என்று பல இடங்களில் தருகிறார்கள். நான் அதை எடுக்கவில்லை. பெயரும் இடமும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கையோடு மனஸ்தாபம் வரும் நாளில் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பெயர் தனியாக இருந்தால் அது எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றினால் போதும், ஓரிரு நாளில் வாசகர்கள் புது இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

இடத்தைப் பற்றி. விபிஎஸ் நான் சொந்த வேலைக்காக வைத்துப் பார்த்திருக்கிறேன், அதன் சுகம் தெரியும். முழு சர்வரும் நம் இஷ்டம். பெங்களூரு, மும்பை, சென்னை என்று பக்கத்திலேயே டேட்டா சென்டர்கள் வந்துவிட்டதால் வேகத்துக்கும் குறைவில்லை. ஆனால் அந்த இஷ்டத்துக்கு விலை பராமரிப்பு. 1 ஜிபி நினைவகம் உள்ள சின்ன விபிஎஸ்ஸில் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ்ஸும் அதன் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லும் சேர்ந்து ஓடும்போது, நாலைந்து தேடல் ரோபோக்கள் ஒரே நேரத்தில் வந்தால் நினைவகம் தீர்ந்து போகும். சர்வரை இயக்கும் லினக்ஸ் உடனே கனமான ஒரு வேலையைக் கொன்றுவிடும், அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்லாக இருக்கும். தளத்தைத் திறந்தால் டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை என்று வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் நுழைந்து திரும்ப ஓடவிடத் தெரிந்தவருக்கு இது இரண்டு நிமிட வேலை. எங்கள் பொருளாளரிடம் அதை எப்படிக் கேட்பது?

அதோடு முடியாது. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு வழக்கமான ஆதரவு ஐந்து வருடம்தான், பிறகு பதிப்பு ஏற்ற வேண்டும். வேர்ட்பிரஸ் ஓடத் தேவையான பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன, அதை மாற்றுவதும் நம் பொறுப்பு. தளத்தோடு இணைப்பு பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் லெட்ஸ் என்கிரிப்ட் இலவச சான்றிதழின் ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஒரு நாள் மக்கர் செய்தால் வாசகருக்குச் சிவப்பு எச்சரிக்கைதான் தெரியும். சர்வரிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டைப் பல விபிஎஸ் நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கும்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இந்த வேலையில் பெரும்பங்கு அவர்கள் தலையில். சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்துக்குள் போனால் பிஎச்பி பதிப்பை ஒரு பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம், பேக்கப்பை ஒரு பொத்தானில் இறக்கலாம். வேர்ட்பிரஸ்ஸையும் அதோடு சேர்க்கும் பிளகின்களையும் புதுப்பிப்பது மட்டும் நம்மிடம். குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அதே சர்வரில் இன்னொருவர் தளம் திணறினால் நம்முடையதும் மந்தமாகும். அன்லிமிடெட் என்ற சொல்லுக்குப் பின்னால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு ஒளிந்திருக்கும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்கக் கூடாது, புதுப்பிப்பு விலை இரண்டு மூன்று மடங்கு இருப்பது சகஜம். விலைப்பட்டியலில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

இட அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), அதனால் 15 பைட். அப்படியிருந்தும் ஒரு நீண்ட கட்டுரை சில பத்து கேபிதான். இடத்தைத் தின்பவை கைபேசியில் எடுத்து அப்படியே ஏற்றும் படங்கள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி. அளவைக் குறைத்து ஏற்றினால் மலிவான திட்டமே பல வருடம் தாங்கும். டேட்டாபேஸ் யுடிஎஃப்8எம்பி4 என்ற நான்கு பைட் எழுத்து அமைப்பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய மூன்று பைட் அமைப்பில் தமிழ் சரியாக வரும், யாராவது ஓர் எமோஜி போட்டால் பதிவு பாதியில் நிற்கும்.

எதை எடுத்தாலும் பேக்கப் ஒன்று வெளியே இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். நாங்கள் மாதம் ஒரு முறை இறக்கி, ஒருவர் வீட்டு ஹார்டு டிஸ்கில் போட்டு வைக்கிறோம்.

ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் உள்நுழைந்து எழுதும் தளத்தை நான் நடத்தியதில்லை. அங்கே ஷேர்டு ஹோஸ்டிங் திணறத்தான் செய்யும் என்பது என் ஊகம். அப்படிப்பட்ட தளம் உங்களுடையது, லினக்ஸ் தெரிந்தவர்கள் குழுவில் இரண்டு பேராவது இருக்கிறார்கள் என்றால் தாராளமாக விபிஎஸ்ஸுக்குப் போங்கள். ஒருவர்தான் என்றால், அவர் வேலை மாறி வெளியூர் போகும் வரைக்கும்தான் அந்தத் தளத்துக்கு உத்தரவாதம்.