2024இல் டிவி முன்னால் என்னை உறைய வைத்த இரண்டு நொடிகள்: சூர்யகுமார் கேட்ச், குகேஷ் முகம்

ஜூன் 29, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும், பாண்டியாவின் முதல் பந்தையே மில்லர் தூக்கி அடிக்க, சூர்யகுமார் எல்லைக்கோட்டருகே பிடித்து, மேலே எறிந்து, வெளியே கால் வைத்து, திரும்பி வந்து பிடித்தார். வீடே அலறியது. 7 ரன்னில் வெற்றி.

டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சதுரங்க சாம்பியன் பட்டத்துக்காகக் குகேஷும் சீனாவின் டிங் லிரனும் மோதினார்கள். யூடியூப் நேரலையை டிவியில் போட்டிருந்தேன். 14ஆவது ஆட்டம் டிராதான் என்று எல்லோரும் நினைத்தபோது, டிங் லிரன் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானையையும் மந்திரியையும் வெட்டிக்கொண்டால் வெறும் சிப்பாய்களை வைத்தே கறுப்புக் காய்களில் ஆடிய குகேஷ் ஜெயித்துவிடுவார். அதைக் கண்டுகொண்ட அந்த 18 வயது சென்னைப் பையனின் முகத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டதும் குகேஷ் அழுதார், அப்புறம் காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தார்.

கேட்சை நூறு முறையாவது திரும்பப் பார்த்திருப்பேன், இன்னும் புல்லரிக்கிறது. ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எனக்குக் குகேஷ்தான். சத்தமே இல்லாத ஒரு அறை, ஒரு பையன், ஏழு வயதில் தொடங்கிய ஆட்டம்.