ஜப்பானில் ஆசிரியராக இருந்துகொண்டு மருத்துவரைப் பார்ப்பது: பெரிய மருத்துவமனையா, அக்கம்பக்கத்துக் கிளினிக்கா?

ஜப்பானியப் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்குச் சென்ற ஆண்டு, இரண்டாம் பருவத்தின் நடுவில், குரல் கம்மிப் போயிற்று. உப்புநீர் கொப்பளித்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு, மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும் என்ற நிலையில் இரண்டு வழிகள் இருந்தன: ரயிலேறிப் போக வேண்டிய பெரிய மருத்துவமனை ஒன்று, பள்ளியிலிருந்து நடை தூரத்தில் இருந்த காது மூக்கு தொண்டைக் கிளினிக் மற்றொன்று. நான் இரண்டுக்கும் போனேன். இப்போது கிளினிக்கின் பக்கம் நிற்கிறேன்.

பெரிய மருத்துவமனையில் கருவிகளும் துறை வல்லுநர்களும் அதிகம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பொதுக் காப்பீட்டில் இருக்கும் ஆசிரியர் எங்கே போனாலும் சிகிச்சைச் செலவில் 30 விழுக்காட்டைத்தான் கையிலிருந்து தருகிறார்; ஆகவே அதை வைத்தும் தேர்வு செய்ய முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பாட அட்டவணைதான். பெரிய மருத்துவமனைகளில் முன்பதிவு இல்லாத புறநோயாளிகளைப் பெரும்பாலும் காலையில் மட்டுமே பதிவு செய்கிறார்கள். அந்த நேரத்தில்தான் நாம் கரும்பலகையின் முன் நிற்கிறோம். முதல் நாள் இரண்டாவது பாடவேளையை முடித்துவிட்டு ஓடிய நான் 11.20க்குப் போய்ச் சேர்ந்தேன்; 11 மணிக்கே பதிவு முடிந்துவிட்டது என்று ஊழியர் தலை வணங்கிச் சொன்னார். மறுநாள் விடுப்பெடுத்துப் போனபோது, ‘ஷோகைஜோ’ எனப்படும் பரிந்துரைக் கடிதம் கையில் இல்லாததால் தனிக் கட்டணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 200 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட குறிப்பிட்ட வகை மருத்துவமனைகளுக்குக் கடிதமின்றி முதன்முறை செல்வோர் தர வேண்டிய இக்கட்டணம், 2022 அக்டோபரிலிருந்து குறைந்தது 7000 யென். காப்பீடு இதை ஏற்பதில்லை. பணத்தைவிட எனக்கு வலித்தது விடுப்புத்தான்: குரல் சரியாக நான்கைந்து முறை வர வேண்டும் என்றால், அத்தனை காலைப் பாடங்களையும் சக ஆசிரியர்களின் தலையில்தானே கட்ட வேண்டும்?

கிளினிக் மாலை 6.30 வரையும் சனிக்கிழமை காலையிலும் திறந்திருந்தது. வாசலில் காலணியைக் கழற்றி, வரிசையாக வைத்திருந்த செருப்புகளில் ஒரு சோடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனதும், ‘மொன்ஷின்ஹ்யோ’ என்ற கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். நோய்க்குறிகளைத் தேதிவாரியாக முன்பே ஜப்பானிய மொழியில் எழுதி எடுத்துச் சென்றிருந்ததால் என் அரைகுறைப் பேச்சு அங்கே தடையாகவில்லை. மருத்துவர் மெல்லிய கேமராக் குழாயை மூக்கின் வழியே இறக்கி, திரையைத் திருப்பி என் குரல்நாண்களையே எனக்குக் காட்டினார். விளிம்பு சிவந்து தடித்திருந்தது. அவர் கேட்ட அடுத்த கேள்வி, “நாளுக்கு எத்தனை வகுப்புகள்?” என்பது. கிசுகிசுத்துப் பேசுவதும் கூடாது என்றார். பெரிய மருத்துவமனையில் என் வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்றைய கூட்டத்தில் கேட்டிருக்கவும் முடியாது.

மருந்துச்சீட்டு, எழுதிய நாளையும் சேர்த்து 4 நாட்களுக்குத்தான் செல்லும். கிளினிக்கை ஒட்டியே மருந்தகம் இருந்ததால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்த வேலை முடிந்தது. கொடுத்த மருந்துகளின் விவரச் சீட்டை ‘ஒகுசுரி டெச்சோ’ என்ற சிறு குறிப்பேட்டில் ஒட்டித் தருகிறார்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் நீட்டலாம், பேச வேண்டியது பாதியாகக் குறையும்.

கிளினிக்கிலும் குறையுண்டு. வார நடுவில் ஒரு நாள் பிற்பகல் மூடிவிடுகிறார்கள். எங்கள் பகுதியில் அது வியாழன், எனக்கு வகுப்பு குறைவான நாளும் அதுவே. மொழிபெயர்ப்பாளர் வசதியைச் சில பெரிய மருத்துவமனைகளில் காணலாம், கிளினிக்கில் எதிர்பார்க்க முடியாது. ஜப்பானிய மொழி அறவே தெரியாதவருக்கு என் தேர்வு பொருந்தாமல் போகலாம். அறுவைச் சிகிச்சையோ குழந்தைகளின் நோயோ எனக்கு நேர்ந்ததில்லை, ஆகவே அவற்றில் என் சொல்லுக்கு எடையில்லை. ஆனால் பெரிய இடம் தேவைப்பட்டாலும் கிளினிக் வழியாகப் போவதையே விரும்புவேன்: மருத்துவர் எழுதித் தரும் கடிதத்திற்கு 2500 யென், அதில் நம் பங்கு 750. முன்பதிவு நாளையும் அவர்களே கேட்டுச் சொன்னால், பாடத்தை மாற்றிக்கொள்ளச் சக ஆசிரியரிடம் ஒரு வாரம் முன்பே பேசிவிடலாம்.