10 ஆண்டுகள், 2 மெத்தைகள்: உள்ளே என்ன இருந்தது?

முதல் மெத்தை மெமரி ஃபோம். 6 வருடம் படுத்தோம். 4-வது வருடமே இடுப்புப் பக்கம் குழி விழத் தொடங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் கீழ்முதுகில் ஒரு பிடிப்பு இருக்கும், கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியூர் போய் வேறு மெத்தையில் தூங்கிய நாட்களில் அந்தப் பிடிப்பே வரவில்லை. அப்போதுதான் மெத்தை மேல் சந்தேகம் வந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். யாரும் படுக்காத நேரத்திலேயே 3.5 செ.மீ. பள்ளம்.

தூக்கிப் போடுவதற்கு முன் உறையைப் பிரித்து, நீளக் கத்தியால் அறுத்தேன். வாங்கும்போது இரண்டு அடுக்கு என்று சொல்லியிருந்தார்கள்: மேலே மெமரி ஃபோம், கீழே தாங்கும் ஃபோம். உள்ளே மூன்று இருந்தன. இரண்டுக்கும் நடுவில் 2.5 செ.மீ. கனத்துக்கு மிருதுவான சாதாரண ஃபோம். இடுப்பு அழுத்திய இடத்தில் அது 1 செ.மீ. கூட நிற்காமல் அட்டை போலத் தட்டையாகிக் கிடந்தது. மெமரி ஃபோமும் 5 செ.மீ.யிலிருந்து 3.5-க்கு இறங்கியிருந்தது. அடியில் இருந்த கனமான அடுக்கு மட்டும் கிட்டத்தட்ட மட்டமாகவே இருந்தது.

அப்புறம் எடை போட்டுப் பார்த்தேன். நீங்களும் செய்யலாம், சமையலறைத் தராசு போதும். 20 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனத்தில் ஒரு துண்டு வெட்டினால் அது சரியாக 1 லிட்டர். 1 லிட்டர் ஃபோம் எத்தனை கிராமோ, ஒரு கன மீட்டர் அத்தனை கிலோ. அதுதான் அடர்த்தி. அழுத்தம் படாத கால்மாட்டு மூலையிலிருந்து வெட்டினேன். அடி அடுக்கு 28, மெமரி ஃபோம் 42, நடு அடுக்கு வெறும் 17. குழி ஏன் விழுந்தது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இதில் பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. அடர்த்தி வேறு, கடினம் வேறு. ஃபோம் என்பது பெரும்பாலும் காற்று. அதைச் சுற்றி நூல் போன்ற மெல்லிய பாலியூரித்தேன் இழைகள். ஒவ்வோர் இரவும் அந்த இழைகள்தான் வளைந்து நிமிர்கின்றன. அடர்த்தி குறைந்தால் எடையைத் தாங்கும் பொருள் குறைவு, இழைகள் சீக்கிரம் தளர்ந்துபோகும். கடினமோ மிருதுவோ என்பது தயாரிப்பில் சேர்க்கும் ரசாயனத்தைப் பொறுத்தது. அடர்த்தி குறைந்த ஃபோமைக் கெட்டியாகவும் செய்யலாம், அடர்த்தி கூடியதைப் பஞ்சு போலவும் செய்யலாம். அதனால் கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பது ஆயுளைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒவ்வோர் அடுக்கின் கனமும் அடர்த்தியும் என்ன என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் நான் வாங்க மாட்டேன்.

மெமரி ஃபோமைக் குறை சொல்லவில்லை. 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கை மெத்தைகளுக்கென்று உருவான பொருள் அது. உடல் சூட்டில் இளகி, தோளும் இடுப்பும் பதிய இடம் கொடுக்கும். பக்கவாட்டில் படுப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதே குணத்தால் குளிர்காலத்தில் விறைத்துக்கொண்டது. வெயில் காலத்தில் உடம்பு ஆழமாக அமிழ்ந்துவிடுவதால் காற்று போக வழியில்லாமல் வியர்த்தது. மேலே தடவியிருந்த ஜெல், படுத்த முதல் சில நிமிடங்கள் குளுமை தந்தது. அதுவும் உடல் சூட்டுக்கு வந்த பிறகு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது 4 வருடமாக இருப்பது பாக்கெட் ஸ்பிரிங் மேல் 5 செ.மீ. லேடெக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்த அடுக்கு. பழைய பொன்னெல் வகையில் ஸ்பிரிங்குகள் எல்லாம் கம்பியால் பிணைந்திருக்கும், ஒருவர் புரண்டால் மற்றவரும் அசைவார். இதில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப் பையில் இருப்பதால் தனித்தனியாக அமுங்குகிறது. மனைவி நள்ளிரவில் எழுந்து போவதே எனக்குத் தெரிவதில்லை. ஸ்பிரிங் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம், கம்பியின் கேஜையும், அதாவது கனத்தைக் குறிக்கும் எண்ணையும், கேளுங்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெலிது. ஸ்பிரிங் மெத்தையிலும் பெரும்பாலும் முதலில் குழி விழுவது இரும்பில் இல்லை, அதன் மேல் போடும் ஃபோமில்தான். மேல் அடுக்குக்கு லேடெக்ஸைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுதான்.

ரப்பர் பாலை நுரையாக அடித்து, அச்சில் ஊற்றி, சூடேற்றிக் கெட்டியாக்குவது டன்லப் முறை. அதில் தெரியும் துளைகள் அச்சில் இருக்கும் ஊசிகளின் தடம். உள்ளே வரை சூடு சீராகப் போகத்தான் அந்த ஊசிகள், துளைகள் வழியே காற்றும் போய்வருவது நமக்குக் கிடைக்கும் லாபம். லேடெக்ஸ் அமுக்கியவுடன் திரும்பி எழும், மெமரி ஃபோம் போல உடம்பைப் பிடித்துவைக்காது. முதல் இரண்டு வாரம் எனக்கு அது பழகவே இல்லை. ரப்பர் வாசனை போக ஒரு மாதம் ஆனது. ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும்: லேடெக்ஸை நேர் வெயிலில் காயப்போடாதீர்கள், ரப்பர் வெடித்து உதிர ஆரம்பிக்கும். நிழலில் காற்றாட வைத்தாலே போதும்.

சென்ற வாரம் மறுபடி நூல் கட்டி அளந்தேன். 6 மி.மீ. இறக்கம். மேலே தைத்திருக்கும் உறைப் பஞ்சு அமுங்கியதில் வந்தது அது, முதல் வருடத்திலேயே வந்துவிட்டது, அதற்குப் பிறகு கூடவில்லை. மேல் அடுக்கு ஒரு பக்கம்தான் என்பதால் இதைக் குப்புறப் போட முடியாது. 3 மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுகிறோம். லேடெக்ஸ் கனம் அதிகம், தனி ஆளால் திருப்ப முடியவில்லை. வாங்குவதற்கு முன் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.