20 நிமிட மின்தசைப் பயிற்சி: 10 வாரங்களுக்குப் பிறகு

தசையை மின்சாரத்தால் சுருங்கச் செய்யும், இ.எம்.எஸ். எனப்படும் மின்தசைத் தூண்டல் பயிற்சியை இரண்டு வடிவங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, உடல் முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும் உடுப்பை அணிந்து, பயிற்றுநரின் மேற்பார்வையில் செய்யும் 20 நிமிட வகுப்பு. மற்றொன்று, மின்சாரம் செலுத்தும் பட்டைகளைத் தொடையில் ஒட்டி வீட்டிலேயே இயக்கும் நான்கு சேனல் (தனித்தனி மின்பாதை) கருவி. வகுப்பை 10 வாரங்களோடு நிறுத்திவிட்டேன். கருவியை இன்றும் வைத்திருக்கிறேன்.

வகுப்பில் முதலில் உடுப்பின் பட்டைகளைத் தண்ணீரால் நனைக்கிறார்கள். பிறகு 4 நொடி மின்சாரம், 4 நொடி ஓய்வு என்ற தாளத்தில், பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 85 துடிப்புகள் பாய்கின்றன. தொடக்கத்தில் மரத்துப்போன காலுக்கு உணர்வு திரும்பும்போது ஏற்படும் ஊறல்தான். மின்சாரத்தின் வலு ஏற ஏற, தசையை உள்ளிருந்து யாரோ முறுக்கிப் பிழிவது போலாகிறது. மின்சாரம் பாயும் நொடிகளில் முழங்காலைப் பாதி மடக்கிக் குந்த வேண்டும், கையை மடக்க வேண்டும். மேல்கையின் முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால், வெறுங்கையை மடக்குவதே எடை தூக்குவது போல இருக்கிறது. அந்த அனுபவம் புதுமையானது என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இந்தப் புதுமைக்குள்ளேயே சிக்கலும் இருக்கிறது. நாமாக ஒரு தசையை இயக்கும்போது நரம்பு மண்டலம் சிறிய இயக்க அலகுகளை (ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது ஓர் அலகு) முதலிலும் பெரியவற்றைப் பின்னரும் அழைத்து, அவற்றை மாற்றி மாற்றி வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அந்த வரிசை தெரியாது. பட்டைக்கு அருகிலுள்ள அதே இழைகளையே அது திரும்பத் திரும்ப ஒருசேரச் சுருக்குவதால் தசை விரைவில் களைக்கிறது. எடைப் பயிற்சியில் களைத்தவன் எடையைக் கீழே போட்டுவிடலாம். இங்கே அளவைக் கூட்டும் குமிழ் பயிற்றுநரின் கையில் இருக்கிறது.

நான் சென்ற கூடத்தில் முதல் நாளே அந்தக் குமிழ் தாராளமாகத் திருகப்பட்டது. ‘வழக்கமாக உடற்பயிற்சி செய்பவன், தாங்குவேன்’ என்று நானும் வீறாப்புப் பேசினேன். வலி மூன்றாம் நாளில்தான் உச்சத்தைத் தொட்டது. தலை சீவக் கையை உயர்த்த முடியவில்லை. தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியும் மூன்றாம், நான்காம் நாட்களில்தான் இரத்தத்தில் உச்சமடைகிறது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உச்ச அளவிலான முதல் அமர்வுக்குப் பின் சோதித்தபோது அந்த நொதி நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. 10 வாரப் பயிற்சிக்குப் பிறகு அதே உழைப்புக்கு அந்த ஏற்றம் பெருமளவு தணிந்திருந்தது. அளவு மீறினால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ராப்டோமயோலிசிஸ் வரை போகலாம் என்பதால், முதல் 8 முதல் 10 வாரங்களுக்கு வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்கின்றன ஜெர்மன் வழிகாட்டுதல்கள். எனக்கோ முதல் வாரத்திலேயே இரண்டாவது அமர்வுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்கள். பேஸ்மேக்கர், கர்ப்பம், வலிப்பு நோய் ஆகியவை பற்றிய கேள்விகள் அடங்கிய படிவம் மூன்றாவது வருகையில்தான் என் கைக்கு வந்தது.

பலன் இல்லையா என்றால், இருக்கிறது. முதுகும் தொடையும் உறுதிப்பட்டதை உணர்ந்தேன். நெடுநாள் உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கும், மூட்டின் மேல் பாரம் ஏற்றக் கூடாதவர்களுக்கும் இது நல்ல வாசல். விளையாட்டு வீரர்களைப் பொறுத்தவரை என் மதிப்பீடு கறாரானது. 1970களில் சோவியத் ஆய்வாளர் யாகோவ் கோட்ஸ், 2500 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை 10 நொடி செலுத்தி 50 நொடி ஓய்வு கொடுக்கும் முறையில் வீரர்களின் வலிமை 40 சதவீதம் வரை கூடியதாக அறிவித்தார். அந்தப் புகழை விளம்பரங்கள் இன்னும் சுமக்கின்றன. பிற்கால ஆய்வுகளில் அவ்வளவு பெரிய ஏற்றம் எளிதில் கிட்டவில்லை. குதிப்பதற்கும் ஓடுவதற்கும் வேண்டிய ஒத்திசைவை மின்சாரம் கற்றுத் தராது என்பதால், எடைப் பயிற்சியோடு துணையாக வைத்துக்கொள்வதே பொருத்தம்.

எடை குறையும் என்று நம்பிச் சேர வேண்டாம். 2002ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், உழைக்காமலே வயிற்றைக் குறைப்பதாக விளம்பரம் செய்த மின் இடுப்புப்பட்டை விற்பனையாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது.

வீட்டுக் கருவியைத் தொடர்வதற்குக் காரணம் என் முழங்கால். முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் தொடையின் முன்தசை மெலிந்துபோவதைத் தடுக்க, உடற்பயிற்சியோடு சேர்த்து மின்தூண்டலைப் பிசியோதெரபிஸ்டுகள் பயன்படுத்துவது பழக்கப்பட்ட முறை. அவ்வாறே எனக்கும் அது உதவியது. பட்டையை ஒரு விரல் அகலம் நகர்த்தினாலே சுருக்கத்தின் வலு மாறிவிடும் என்பதால், சரியான இடத்தைப் பிசியோதெரபிஸ்ட் பேனாவால் குறித்துக் காட்டிய பிறகுதான் கருவி முழுப்பயன் தந்தது. ‘மீட்பு’ என்ற மெல்லிய துடிப்பு நிலை இதமாக இருக்கிறதே தவிர, மறுநாள் வலி குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒட்டும் பட்டைகள் பிசின் இழந்துவிடுவதால் இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். குமிழ் மட்டும் இப்போது என் கையில் இருக்கிறது.