புதிது என்று விற்கப்பட்ட 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க்: சேலத்தில் வாங்குவோர் கவனத்துக்கு

சேலம் அம்மாபேட்டையில் திருமண வீடியோ எடுத்துக் கொடுக்கும் சிறு ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். புதியது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க், என் கைக்கு வருமுன்பே வேறெங்கோ ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இரவுபகலாக ஓடிய ஒன்று என்பதை, இரண்டு திருமணங்களின் பதிவுகளைப் பறிகொடுத்த பிறகே கண்டுபிடித்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு கேமராக்களில் 4கே தரத்தில் எடுத்தால் ஒரு திருமணத்துக்கே 300 ஜி.பி.க்கு மேல் சேர்ந்துவிடுகிறது. வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் பெரிய டிஸ்க் ஒன்று தேவைப்பட்டது. மற்ற கடைகளில் 18,000 ரூபாய்க்கு மேல் சொன்னதை ஒரு கடையில் 14,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். பில் கேட்டபோது, "ஜி.எஸ்.டி. பில்லுன்னா ரேட் ஏறும்ங்க, எஸ்டிமேட்லயே எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். பணம் மிச்சமாகிறதே என்று நானும் தலையாட்டினேன். அந்தத் துண்டுச் சீட்டில் '8 டிபி ஹெச்.டி.டி. – 1' என்று மட்டும் எழுதியிருந்தது. மாடல் எண்ணும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தொழில்நுட்பத்தில் நான் கவனமாகத்தான் இருந்தேன். கூரை ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க்குகள், தொடர்ந்து பெரிய கோப்புகளை எழுதும்போது நடுவில் வேகம் குன்றிவிடும் என்பதும், 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசையின் சில மாடல்களில் இந்த முறையைச் சொல்லாமல் பயன்படுத்தியிருந்தது வெளிப்பட்டுப் பெரிய சர்ச்சையானது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே மாடல் எண்ணைத் தேடிப் பார்த்து, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். வகைதான் என்று உறுதிசெய்துகொண்டே வாங்கினேன். கணினியில் 7.27 டி.பி. என்று காட்டியபோதும் பதறவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது, அவ்வளவுதான். ஓடிய நேரத்தையும், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். 4 மணி நேரம் என்று காட்டியது. கடையில் ஒருமுறை போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏறத்தாழ எழுபது நாட்கள் கழித்து ஒரு மாலை, எடிட்டிங் நடுவே கேபினெட்டுக்குள்ளிருந்து 'டக்… டக்…' என்ற சத்தம் கேட்டது. கோப்புறை திறக்கவே பல நிமிடங்கள் ஆயின. மீண்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால், படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களை, அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகளை, குறிக்கும் சி5 என்ற வரி மஞ்சளாகியிருந்தது. மறுநாள் டிஸ்க் கணினியிலேயே தெரியவில்லை. மூன்றாம் நாள் தெரிந்தும், கிடைத்தது பாதிதான். என் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. 'பேக்கப் டிஸ்க்' என்று பெயர் வைத்துவிட்டு, இடம் வேண்டும் என்பதற்காக மெமரி கார்டுகளையும் கணினியிலிருந்த மூலக் கோப்புகளையும் அழித்திருந்தேன். வேறெங்கும் பிரதி இல்லாத ஒன்றைப் பேக்கப் என்று அழைத்துக்கொண்டிருந்தேன். போனவற்றில் ஒன்று ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் நடந்த திருமணம். "தாலி கட்டற எடம் மட்டுமாச்சும் கெடைக்குமா தம்பி?" என்று பெண்ணின் அம்மா கேட்டபோது, இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

டிஸ்க்கைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கேபிள் சொருகும் இடத்திலுள்ள பொன்னிறப் பட்டைகளில் நெடுக்காகக் கீறல்கள் இருந்தன. ஒருமுறை சொருகியதால் அவ்வளவு கீறல் விழாது. நான் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு திருகுகளே போட்டிருந்தேன். நான் தொடாத ஓட்டைகளின் விளிம்பிலும் உலோகம் தேய்ந்து பளபளத்தது. பிறகு ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொண்ட பழைய பதிவுகளை எடுத்தேன். ஓடிய நேரம் 611 மணி என்று மேலே காட்டிய அதே அறிக்கையின் அடியில், ஒரு முழுச் சோதனை டிஸ்க்கின் 21,840-ஆவது மணி நேரத்தில் முடிந்ததாக ஒரு வரி இருந்தது. ஆண்டுக்கு 8,760 மணி என்று கணக்குப் போட்டால் அது இரண்டரை ஆண்டு. மேலே இருந்த எண்ணைத் துடைத்தவர், கீழே இருந்த பதிவைத் துடைக்க மறந்திருக்கிறார்.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த விபத்தும் அல்ல. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் நேரக் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது வெளிவந்தது. தாங்கள் அவற்றை விற்கவில்லை என்று தயாரிப்பு நிறுவனம் மறுத்தது. அந்த நிறுவனத்தின் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற தனிப்பதிவு ஒன்று உண்டு. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் வழக்கமான ஸ்மார்ட் பதிவில் நேரத்தை அழித்திருந்தாலும் அங்கே பழைய எண் நின்றதால்தான் அந்த மோசடி பிடிபட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்புகள் ஃபார்ம் பதிவையும் படித்துக் காட்டும்.

வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டுப் பார்த்தேன். கணினி தயாரிப்பவர்களுக்கு மொத்தமாக அனுப்பப்பட்ட டிஸ்க் என்றும், வாங்கிய இடத்தையே அணுகும்படியும் பதில் வந்தது. ஆக, கடைக்காரர் வாயால் சொன்ன 'மூணு வருச கம்பெனி வாரண்டி' தொடக்கத்திலிருந்தே இல்லை. இதை வாங்கும் நாளிலேயே, கடை வாசலில் நின்றபடி, செல்பேசியில் இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

அறிக்கையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் படிக்கவே இல்லை. "உங்க ஊட்டுக் கரண்ட்ல அடிச்சிருக்குங்க" என்றார். ஜி.பே. மூலம் பணம் அனுப்பிய பதிவையும், "புது பீஸ்தாங்க" என்று அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த செய்தியையும் காட்டிய பிறகு, மாற்று டிஸ்க் தருகிறேன் என்று இறங்கி வந்தார். வெள்ளி நிறக் கவரில் ஒட்டிய டேப் பிரியாமல் அது வந்தது. மடிக்கணினியையும், டிஸ்க்கை அதோடு இணைக்கும் டாக் ஒன்றையும் எடுத்துப் போயிருந்ததால் கவுண்டரிலேயே சொருகினேன். ஓடிய நேரம் 0. சோதனைப் பதிவில் 31,000-க்கும் மேல். கவரோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். முறையான பில் இல்லாததுதான் என் பக்கத்தின் ஓட்டை. அந்த வாட்ஸ்அப் செய்தியை வைத்துத்தான் பேச வேண்டும்.

போன வாரம் ஜி.எஸ்.டி. பில்லோடு இரண்டு டிஸ்க்குகள் வாங்கினேன். பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொன்னபோது, கடையிலிருந்த பையன் சலித்துக்கொண்டேதான் எழுதினான். முதல் டிஸ்க்கின் முழுச் சோதனைக்கு 13 மணி நேரம் பிடித்தது. இரண்டாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை எந்த மெமரி கார்டையும் அழிப்பதாக இல்லை.