குழாய்த் தண்ணியா, கிணற்றுத் தண்ணியா, கேன் தண்ணியா?

எங்கள் வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கும்போது கிணற்றைக் குறை சொல்லி என்ன பயன்?

மாரி முடிந்த கையோடு, தை மாசியில், கிணற்றுத் தண்ணியை அப்படியே குடிக்கலாம் போலிருக்கும். ஆவணியில் சவர்க்காரம் நுரைக்காது. தேத்தண்ணியில் கரிப்பு ஏறிவிடும். கடற்கரை மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் 40 அடி வரை மேலேறப் பார்க்கும். வாளியால் அள்ளிய காலத்தில் தாங்கிய கிணறு, மோட்டருக்குத் தாங்குமா? மலசலக்குழி பக்கத்தில் இருந்தால் மணல் கிருமியையும் கடத்திவிடும். அது நாக்குக்குத் தெரியாது.

குழாய்த் தண்ணி சுமார் 40 கிலோமீற்றர் தாண்டி கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. குளக்கோட்டன் என்ற பழைய அரசன் கட்டியதென்று நம்மவர் சொல்லும் அதே குளம்தான். படிகாரம் போட்டுக் கலங்கலைப் படியவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். எல்லோரும் முகம் சுளிப்பது அந்த மணத்துக்குத்தான். ஆனால் இவ்வளவு தூரக் குழாய்க்குக் காவலே அதுதான். வாய் திறந்த பாத்திரத்தில் இரவு வைத்தால் பெரும்பாலும் போய்விடும். தண்ணி நின்று வந்தால் முதலில் வரும் கலங்கலைத் திறந்து விட்டுவிடுங்கள். என் பயம் வேறு: ஒரே குளத்தை நம்பியிருப்பது. 1986 ஏப்ரலில் அந்தக் குளக்கட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணி, அதாவது மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பை வடித்த தண்ணி, ருசிதான், சந்தேகமில்லை. விற்பவர் டி.டி.எஸ். மீற்றரை முக்கிக் காட்டுவார். அந்த எண் கரைந்த உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. குளோரினும் நீங்கிவிடுவதால் கேனுக்குள் காவல் கிடையாது. ஒருமுறை வெயிலில் அடுக்கியிருந்த கேனொன்றை வாங்கிவந்து கவிழ்த்தால், அடியில் பச்சைப் பாசி! வடிக்கும்போது கழிவாகப் போகும் தண்ணியை யாரும் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

போத்தல் தண்ணி பஸ் பயணத்துக்கு மட்டும். அப்புறம் அந்தப் போத்தலை எங்கே எறிவது?

என்னைக் கேட்டால், குடிக்கக் குழாய்த் தண்ணியைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். குளிக்க, தோய்க்க, மரத்துக்கு ஊற்றக் கிணறு. குழாய் வராத, கிணறும் சவரான இடத்தில் கேனை விட்டால் வழியில்லை. சரி, வாங்குங்கள், நிரப்புமுன் கேனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடியைப் பார்த்துவிட்டு.